பின்பக்கத்து நீல விளக்கு

வேலைக்கு முன் அவர் தோள்பையிலிருந்து இரண்டு காதுமூடிகளை எடுக்கிறார். ஒன்றைத் தம் காதில் மாட்டிக்கொள்கிறார். மற்றொன்றை எடுத்துக்கொண்டு சர்வர்களை அடுக்கிய ரேக்கைச் சுற்றிப் போய், பின்பக்கக் கம்பியில் தொங்கவிட்டுத் திரும்பி வருகிறார். பின்பக்கம் யாரும் இல்லை. இரண்டு வருடங்களாக எந்த சர்வர் அறையிலும் அவருக்குப் பின்பக்கம் ஆள் கிடையாது.

வேலை முடிந்ததும் தம்முடைய காதுமூடியை மஞ்சள் துணியால் வியர்வை போகத் துடைத்துப் பையில் வைப்பார். மற்றதை அப்படியே போடுவார். யாரும் மாட்டாததைத் துடைப்பானேன்?

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. தொழிலில் அவர் ‘பொறுங்க சார்’. சர்வர்களுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பது வேலை. இயந்திரம் கண் விழித்ததும் தன் கை எது, கால் எது என்று தெரிந்துகொள்ள, அதன் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் பாலபாடம்தான் ஃபர்ம்வேர். பழைய பாடத்தை அழித்துப் புதியதை எழுதும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் கதை முடிந்தது. பிறகு அது வெறும் தகரப் பெட்டி. அதனால் திரை இருண்டு கிடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் எவரானாலும் இவரிடமிருந்து கிடைப்பது அந்த ஒரு சொல்தான்: “பொறுங்க.”

வீட்டிலும் இதே பாட்டு. லிஃப்ட் பட்டனை இரண்டாம் முறை அழுத்த மாட்டார். டீயைப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். “தீ பிடிச்சாக்கூட இந்த மனுஷன் பொறுங்கன்னுதான் சொல்வாரு” என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். கூடப் பிறந்த குணம் என்று கேட்பவர்கள் நினைப்பு. இல்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால் அவர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பறக்கிற ஆசாமி.

அப்போது இரண்டு பேராகப் போவார்கள். முன்பக்கம் இவர்; பின்பக்கம் மச்சான், மனைவியின் அண்ணன். இவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. விசிறிகளின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் மறுபக்கம் கேட்காது. ஒவ்வொரு சர்வரிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சிறிய நீல விளக்கு உண்டு. ஒரு பக்கம் பட்டனை அழுத்தினால் இரண்டு பக்கமும் எரியும். சுற்றி வருகிறவன் இயந்திரம் மாறிப் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. மச்சானும் இவரும் அதைப் பேசும் வாயாக்கிக் கொண்டார்கள். ஒரு மினுக்கு என்றால் சரி. இரண்டு வேகமாக, ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி ஒன்று என்றால், பொறு.

ஒரு கிடங்கின் சர்வர். பத்தொன்பது நிமிடம் திரை இருட்டு. உள்ளே வேலை நடக்கிறதா என்று காட்டும் சிறு விளக்குகள் பின்பக்கம்தான் இருந்தன; அதைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் நீல விளக்கில் சொன்னார். இரண்டு, நிறுத்தி, ஒன்று. இவர் பார்த்தார். பார்த்தும் பவர் பட்டனை அழுத்தினார். சர்வர் தகரப் பெட்டியாயிற்று.

விசாரணையில் மச்சான் “அணைத்தது நான்” என்று எழுதிக் கொடுத்தார். வர வேண்டிய பதவி உயர்வு போயிற்று. திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “விடுங்க மாப்ளே, மெஷின்தானே.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இவருக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. இன்று வேண்டாம், நாளைக்கு என்று பொறுத்தார். ஆறு வருடம் பொறுத்தார். மச்சான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த ஒன்றில் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளம். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இருக்கும் சர்வர். இரண்டு மணியிலிருந்து மேலே நர்ஸ்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கணினிப் பிரிவின் மேலாளர் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பின்னால் சும்மா தொங்கும் காதுமூடியைத் தரக்கூடாதா என்று கேட்டார். அதற்கு ஆள் உண்டு, பஞ்சு தருகிறேன் என்று இவர் பையைத் துழாவினார். அந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இருபது நிமிடத்தில் முடிய வேண்டியது. முப்பதாயிற்று. திரையில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தார். சிறு விளக்குகளும் செத்திருந்தன. நாற்பத்தோராம் நிமிடம் அந்த இயந்திரத்தின் விசிறிகள் மெல்லத் தணிந்து நின்றன. சுற்றிலும் அத்தனை இரைச்சல். நடுவில் அது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் அருகில் வந்து இவருடைய காதுமூடியை விலக்கினார். “சார், இது செத்துப்போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மேல ஐசியூவுல பதினோரு பேர் இருக்காங்க.”

பொறுங்க என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இல்லை. விரல் தானாகப் போய் பவர் பட்டனின் மேல் உட்கார்ந்தது. எட்டு வருடங்களுக்கு முன் உட்கார்ந்த அதே விரல்.

நீல விளக்கு எரிந்தது. இரண்டு முறை, வேகமாக. ஒரு மூச்சு நின்றது. மறுபடி ஒரு முறை.

“பின்னாடி யாரு இருக்கா?” மேலாளர் ரேக்கை விட்டு ஓர் அடி விலகினார். உள்ளே நுழைந்தது இரண்டே பேர் என்பது அவருக்கும் தெரியும்.

“மச்சான்” என்றார் இவர், சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். பிறகு விரலை எடுத்துக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். “பொறுங்க மேடம். அப்டேட் ஆகும்போது சில மெஷின்ல அந்த லைட்டு தானா மினுக்கும்.”

மினுக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் ஒரே சீராக மினுக்கும். நடுவில் மூச்சு விட்டு மினுக்கி அவர் பார்த்ததில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

ஐம்பத்து மூன்றாம் நிமிடம் விசிறிகள் சீறி எழுந்தன. திரையில் எழுத்து ஓடியது. மேலாளர் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, மேலே ஃபோன் செய்து, எல்லாம் வந்துவிட்டது என்றார். நடுவில் அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டார்.

“போர்டு போயிருக்கும். புதுசு வர மூணு நாள். ஒருதடவை அப்படி ஆச்சு மேடம். என் மச்சான் பண்ணாருன்னு எழுதி வச்சிருக்காங்க. பண்ணது நான்.”

எட்டு வருடம் நெஞ்சில் கிடந்தது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் இத்தனை சுலபமாக வந்து விழுந்ததில் அவருக்கே திகைப்பு. மேலாளர் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தார்.

இவர் ரேக்கின் பின்னால் போனார். கம்பியில் தொங்கிய காதுமூடியை எடுத்தார். அதன் மெத்தைகள் வெதுவெதுப்பாக இருந்தன. இயந்திரங்களின் அனலெல்லாம் அந்தப் பக்கம்தான் வீசும், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

முன்னால் வந்து பையைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்தார். தம்முடையதைத் துடைத்து உள்ளே வைத்தார். பிறகு மற்றதை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மெத்தை, அடுத்த மெத்தை என்று வியர்வை போக நிதானமாகத் துடைத்தார்.