அடுத்த நாட்டுப் பாடம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின், பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைத் தூங்கவைத்து, பால் கரைத்து, துணி அலசுகிறவள் சிவசக்தி. அங்கே பொறுப்பாளர் வேலை ஒன்று காலியானது. அதற்கு அவளிடம் இல்லாதது சாதாரண தரப் பரீட்சையில் வரலாற்றுப் பாடம் ஒன்றுதான். மற்றவற்றை என்றைக்கோ எழுதிச் சித்தியடைந்துவிட்டாள். வயதெல்லை நெருங்கிவிட்டதால், இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை என்பதே கிடையாது.

தோட்டத்தில் வரலாறு சொல்லித்தர ஆளில்லை. டியூசனுக்குப் பதுளை டவுனுக்குப் போனால் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. மிஞ்சியது கைப்பேசிதான். தண்ணித் தொட்டிக்கு மேலே ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பத்தாம் வகுப்பு வரலாறு என்று தேடினாள். வீடியோக்கள் கொட்டோ கொட்டென்று கொட்டின. அதில் ஒரு சார், அவள் வீட்டு ஆட்கள் பேசுகிற மாதிரியே பேசினார். பாடத்துக்குப் பாடம் "என்னம்மா, புரியுதா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அன்றோடு அவள் வேறு யாரையும் தேடவில்லை.

கம்பெனி ஆட்சி, வேலூர்க் கலகம், உப்புச் சத்தியாக்கிரகம் எல்லாவற்றையும் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பால்மா பெட்டி அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்தாள். இது அந்தப் பக்கத்துக் கதை மாதிரி இருக்கே என்று புருசன் ரமேஸ் ஒருநாள் இழுத்தான். நம்ம ஆளுக அங்கயிருந்துதானே வந்தாங்க, அதான் புத்தகத்துல வச்சிருக்காங்க என்று அவன் வாயை அடைத்தாள். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. யாருக்குத்தான் படாது?

பரீட்சைக்கு முந்திய வாரம், பழைய வினாத்தாள் போட்டோகொப்பி எடுக்க டவுனில் லத்தீப் நானாவின் கடைக்குப் போனாள். கடையில் நின்றது அவர் மகள் மர்லியா. போன வருடம்தான் பரீட்சை எழுதியவள். அட்டைகளை வாங்கிப் புரட்டினாள்.

"அக்கா, இது இந்தியாவுல படிக்கிற பாடம். நம்மட பாடம் வேற."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான் அக்கா."

மர்லியா நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. அரசாங்கப் புத்தகம் தமிழிலேயே இணையத்தில் இலவசமாக இருக்கிறதென்று காட்டி, கடை வைஃபையில் இறக்கியும் கொடுத்தாள். பஸ்ஸில் சிவசக்தி அதைத் திறந்தாள். அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது, சொல்லத்தான் ஒரு நாதி இல்லை.

ஒரு வாரத்தில் என்ன ஏறும்? பரீட்சை மண்டபத்தில் கண்டி இராச்சியத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பக்கம் கண்ணுக்குள் நின்றது, அதில் இருந்தது வரவில்லை. வெறும் தாளைக் கொடுக்க மனமில்லாமல், வேலூர்க் கலகத்தை முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சித்தியில்லை என்று முடிவு வந்தது. பொறுப்பாளராக டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிவசக்தி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தொட்டில்களைக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் தண்ணித் தொட்டிக்கு ஏறினாள். கேட்காமலே கைப்பேசி சாரின் புதுப் பாடத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் மேல் கோபப்படத்தான் பார்த்தாள், வரவில்லை.

"போன பாடம் ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார் அவர்.

"இருக்குங்க சார்" என்றாள் சிவசக்தி.