பியோங் பெயர் சொன்ன மரங்கள்

வெட்டுக்கத்தியின் நுனியால் பட்டையில் ஒரு விரல் அகலத்துக்குச் சீவினார். சீவிய இடத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடினார். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற எடித் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டாள். அளவு நாடா பிடிக்கும் பயிகா வந்த இருமலை விழுங்கினான். மூன்று மூச்சு கழிந்தது.

"ஹியோமி. எழுதிக்க."

கத்தியைக் கால்சட்டையில் துடைத்தபடி அடுத்த மரத்துக்குப் போய்விட்டார் சொஸ்தேன் பியோங்.

எசேக்கா ஊருக்கு மேற்கே காட்டில் மரம் எண்ணுகிற குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் பெயர் சொல்கிறவர். சுற்றளவை நாடா சொல்லிவிடும்; பெயரை யார் சொல்வது? இலைகள் நூறடிக்கு மேலே இருக்கின்றன. கீழே நிற்கிறவனுக்கு எல்லாம் ஒரே சாம்பல் தூண். பட்டையைக் கீறினால்தான் மரம் வாய் திறக்கும். ஒன்று பால் வடிக்கும். ஒன்று ரத்தம்போலச் சிவக்கும். ஹியோமி பூண்டு நாறும். பட்டை, காய், இலை, எதைக் கசக்கினாலும் பூண்டுதான். அந்தப் பட்டையை இடித்துப் போடாத கறுப்புக் குழம்பை எங்கள் பக்கம் யாரும் குழம்பு என்று சொல்வதில்லை.

ஐம்பத்தேழு வயது. ஒடிசலான உடம்பு. சோற்றை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். சட்டைப் பையில் மற்றவர்கள் புகையிலை வைத்திருப்பதுபோலக் காய்ந்த இலைத் துணுக்குகள் வைத்திருப்பார். 'இருக்கலாம்' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடித், "நிச்சயமா மாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். "உங்கப்பன் பேரைச் சொன்னா நிச்சயமான்னு கேப்பியா?" என்றார். அவள் அப்புறம் கேட்டதில்லை.

வாடகைக் காரில் பின்சீட்டில் நான்கு பேரை அடைக்கிற ஊரில், பியோங் ஏறினால் மூன்று பேரோடு வண்டி கிளம்பும். பட்டை வாடை துணியில், தோலில், தொப்பியில் ஊறியிருந்தது. மனைவி பிலோமேன், "பூண்டு மூட்டையோட எத்தனை வருஷம் படுக்கிறது?" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மகளின் பிரசவத்துக்கு என்று துவாலா நகரத்துக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. யாராவது விசாரித்தால், "பேத்தியைப் பாத்துக்கிறா" என்பார் பியோங். அந்தப் பேத்தி இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறாள்.

அன்று காலை மரத்தில் வைத்த மூக்கு செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

ஒரு காய்ச்சல்தான் காரணம். பத்து நாள் படுத்தார். எழுந்து வந்த முதல் நாள் முகாமுக்குப் பின்னால் இருக்கும் ஹியோமியைச் சும்மா ஒரு கீறு கீறினார். ஒன்றும் வரவில்லை. முதலில் கத்தியைச் சந்தேகப்பட்டார். தீட்டிக்கொண்டு வந்து மறுபடி கீறினார். அப்புறம் மரத்தைச் சந்தேகப்பட்டார். பக்கத்து மரத்துக்குப் போனார். ஏழு கீறல் கீறிவிட்டு, சமையல் கொட்டகைக்குப் போய் மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து முகத்தருகே வைத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், யாரோ மந்திரம் போட்டு மூக்கைக் கட்டிவிட்டார்கள் என்று பாதி ஊர் பேசும். பெயர் சொல்கிறவனுக்கு மூக்கில்லை என்று மீதி ஊர் சிரிக்கும். அதனால் மூக்கு செய்ததைக் கண் செய்யத் தொடங்கியது. மூக்கைப் பட்டையில் அழுத்திக்கொண்டு, இமையைப் பாதி திறந்து காலடியைத் தேடுவார். ஹியோமி கூட்டமாக வாழ்கிற சாதி; ஒன்று இருந்தால் சரிவு முழுக்க அதன் சுற்றம் இருக்கும். தாய் மரத்தின் நிழலிலேயே கன்றுகள் ஒல்லியாக, பொறுமையாக, வெளிச்சத்துக்கு அவசரப்படாமல் நிற்கும். கீழே உதிர்ந்த இலை புளிய இலைபோலச் சின்னது, ஆனால் கோணலானது. நடு நரம்பு மூலையில் புறப்பட்டு மூலைக்கு ஓடும். ஒரு பாதி பெரிது, ஒரு பாதி சிறிது. காய்கள் வெயிலில் பட்டென்று வெடித்து விதையை வீசியபின், முறுக்கிய ஓடுகள் மண்ணில் கிடக்கும். இதையெல்லாம் அந்த மூன்று மூச்சுக்குள் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் "எழுதிக்க" என்பார்.

வீட்டில் பொறுக்க ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம் அடுப்பருகில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிமிர்ந்தபோது, முதுகுக்குப் பின்னால் சட்டியில் பீன்ஸ் கருகி அறை முழுக்கப் புகை. "தூங்கிட்டேன்" என்றார். கையில் ஊசி இருந்தது. அதற்குப் பிறகு அடுப்பு மூட்டுவதைக் குறைத்துக்கொண்டார். கடையில் ரொட்டி வாங்கி, நாக்கில் சுருக்கென்று ஏதாவது படட்டும் என்று மிளகாயைக் கடித்துக்கொள்வார்.

முதலில் சொன்ன அந்தக் காலைக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் கறுப்புக் குழம்பு. சமையல்கார ரெஜீன் அவரைவிட நாலைந்து வயது மூத்தவள். கரண்டியால்தான் ஆளைக் கூப்பிடுவாள்.

"ஏ பியோங், பட்டை தீந்துபோச்சு. போய்க் கொண்டா."

போனார். பாறை விழுந்த சரிவில் பழகிய மரம் என்று நினைத்ததில் ஒரு பட்டையை உரித்து வந்தார். காலடி அன்று பார்க்கவில்லை. சருகெல்லாம் வெள்ளத்தில் போயிருந்தது. ரெஜீன் பட்டையை வாங்கி இரண்டாக ஒடித்தாள். ஒருமுறை அவரைப் பார்த்தாள். அவர் திரும்பி நடந்ததும் பட்டையை விறகோடு சேர்த்து அடுப்பில் செருகிவிட்டு, மூட்டைக்குள்ளிருந்து கடைப் பூண்டை எடுத்து நசுக்கினாள்.

சாப்பிடும்போது பயிகா விரலை நக்கிக்கொண்டு, "பெரியவர் கொண்டாந்த பட்டைன்னா பட்டைதான்!" என்றான். பியோங் பெருமையாகத் தலையாட்டினார்.

எல்லாரும் ஆற்றுக்குப் போனபின் ரெஜீன் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எப்போலேருந்து?"

"எது?"

"நீ கொண்டாந்தது வெறுங்கட்டை, அடுப்புல எரிச்சேன். உனக்குத் தெரியல. பயிகா புகழ்ந்ததுக்குத் தலையாட்டுற. எப்போலேருந்துடா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "காய்ச்சலுக்கப்புறம்."

"இன்னைக்கு வெறுங்கட்டை. நாளைக்குத் தலிப் பட்டையைக் கொண்டாந்தா? பதினொரு பேர் சாப்பிடுற சட்டி இது."

தலிப் பட்டை என்றால் விஷம். எங்கள் பாட்டன் காலத்தில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க அதைத்தான் கரைத்துக் குடிக்க வைத்தார்கள், பிழைத்தவர்கள் குறைவு.

"தலியை எனக்குக் கண்ணாலயே தெரியும் அக்கா."

"ஹியோமியும் தெரியும்னுதானே காலைல போனே?"

 ரெஜீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எடித்தின் கூடாரத்து வாசலில் பியோங் நின்றார்.

"போன வருஷத்துக் காய்ச்சலுக்கப்புறம் நான் சொன்ன ஹியோமி அத்தனையும் திரும்பப் பாக்கணும்மா."

"ஏன் மாமா?"

"மூக்கு இல்ல எனக்கு."

எடித் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகங்களைத் தேடப் போனாள்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. அறுநூற்று நாற்பது மரம். ஒவ்வொன்றையும் பயிகா கீறி முகர்ந்தான். சந்தேகம் வந்த இடத்தில் கவணால் கல்லெறிந்து உச்சி இலையை விழவைத்தார்கள். பியோங் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தீர்ப்புக்கு நிற்பவர்போல. ஒன்பது மரம் தவறு. ஒன்பதும் ஹியோமியின் பங்காளி மரம். அதே சரிவு, அதே சாம்பல் பட்டை, இலை மட்டும் கொஞ்சம் நீளம். "ஒன்பதுதானே மாமா! மூக்கு இருக்கிறவங்களே இதைவிடத் தப்பு பண்ணுவாங்க" என்றாள் எடித். "ஒன்பது" என்றார் அவர்.

மேலதிகாரிகள் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் பட்டையை முகர்வது இனி பயிகாவின் வேலை. பியோங் இலையைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். "எழுதிக்க" என்பதை இப்போது பயிகா சொல்கிறான், கொஞ்சம் கூச்சத்தோடு. பியோங் இரண்டடி பின்னால் நிற்கிறார்.

துவாலாவுக்குப் போன் செய்து பிலோமேனிடமும் சொன்னார்.  பின்னணியில் பேத்தி பாடம் படிக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ என் வாசனையும் தெரியாதா உனக்கு?"

"அது தெரியாமப் போயித்தான் பதினொரு வருஷம் ஆச்சே" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

நவம்பரில் ஒரு பிற்பகல், புதிய பகுதி ஒன்றில் எண்ணப் போயிருந்தார்கள். பெருமழை பிடித்து, பெருமரம் ஒன்றின் சுவர்போல நிற்கும் வேரை ஒட்டி எல்லாரும் ஒண்டிக்கொண்டார்கள். மழை சட்டென்று விட்டது. காட்டில் சொட்டுச் சத்தம் மட்டும். நனைந்த ஹியோமிக் கூட்டம் எங்கோ அருகில் இருந்திருக்க வேண்டும். மழை கழுவிய மரம் கீறாமலேயே மணக்கும். முதலில் பயிகாவின் மூக்கு உயர்ந்தது. பிறகு எடித்தின் தலை. பிறகு சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த ரெஜீன்.  மூன்று முகமும் மெல்ல இடப்பக்கம், ஓடைக்கு அந்தப்புறம் திரும்பின.

பியோங் மரங்களைப் பார்க்கவில்லை. அந்த மூன்று முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் முகத்தையும் அதே பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.