யார் பக்கத்துப் பிழை

எங்கள் வீட்டில் எது பிழையாகப் போனாலும் அது மனைவியின் பக்கத்தால் வந்தது என்பதுதான் என் கட்சி. மகளின் கோபம், மகனின் சொத்தைப் பல், ஏன், கறிக்கு உப்புக் கூடினால்கூட மாமனார் வீட்டைக் கைகாட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவன் நான். அப்படிப்பட்டவன் போன வருடம், ஒரு பிழை மெய்யாகவே அவள் பக்கத்தால் வந்திருக்க வேண்டுமென்று மாதாவிடம் மன்றாடினேன்.

மகளுக்கும் என் தங்கச்சியின் மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். சொந்த மச்சான் மச்சாள் என்பதால் எங்கள் கத்தோலிக்கச் சட்டப்படி ஆயரின் அனுமதி தேவை. அதுவும் வந்துவிட்டது. ஊர்காவற்றுறைக் கோயிலில் நாளும் குறித்தாயிற்று. மகள் யாழ்ப்பாணத்தில் ரத்தம் பரிசோதிக்கிற இடமொன்றில் வேலை செய்கிறாள். ஒருநாள் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"அப்பா, என்ர ரத்தத்தில ஒரு குறை இருக்கு. எனக்கு ஒண்டும் செய்யாது. ஆனா மச்சானும் ரத்தம் பாக்கவேணும்."

"பொருத்தம் பாக்கிறது சைவக்காரரெல்லோ? நாங்கள் வேதக்காரர் பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. குசினிக் கதிரையில் உட்கார்ந்து, அலுமாரிக்கு மேல் கிடந்த, தாய் சமையல் குறிப்பு எழுதிவைக்கிற கொப்பியை எடுத்துக் காட்டினாள்.

"உடம்பில எல்லா இடத்திலயும், கண்ணுக்குத் தெரியாத அளவில இப்பிடியொரு கொப்பி இருக்கு. முழுக்க நாலே நாலு எழுத்தாலதான் எழுதியிருக்கு. தோல் செய்யிறது, ரத்தம் செய்யிறது எல்லாம் அதைப் பாத்துத்தான். எல்லாருக்கும் ரெண்டு கொப்பி. ஒண்டு அப்பா தாறது, மற்றது அம்மா தாறது. என்ர ஒரு கொப்பியில ரத்தத்துக்குரிய பக்கத்தில ஒரு எழுத்துப் பிழை. மற்றது சரி. அதால சுகமா இருக்கிறன்."

"மச்சானிட்டையும் ஒண்டு பிழையெண்டா?" மனைவி கேட்டாள்.

"ஒவ்வொரு முறையும் நாலில ஒரு பங்கு, பிள்ளைக்கு ரெண்டும் பிழையா வரப் பாக்கும். அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் வேற ஆக்களின்ர ரத்தம் ஏத்தவேணும் அம்மா."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் சேர்ந்து என்னைத் துரத்தின. நாலு எழுத்தோடு முடிகிற கொப்பி ஒன்று எனக்குள்ளேயே கிடந்தது தெரிந்திருந்தால் கொஞ்சம் நின்று பிடித்திருப்பேன்.

நாரந்தனையில் இருக்கிற தங்கச்சியிடம் போய் விசயத்தைச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைக்காமலே கேட்டாள்.

"என்ர பொடியன் வள்ளத்து எஞ்சினைத் தனியத் தோளில தூக்கிறவன். அவன்ர ரத்தத்தில என்ன குறை? விருப்பமில்லையெண்டா நேர சொல்லுங்கோ அண்ணை."

"சத்தியமாச் சொல்லுறன்."

"கிணத்துக்குள்ள கடற்பசு நிக்குதெண்டும் சத்தியம் பண்ணித்தானே என்னை ஓட வைச்சனீங்கள்?"

அது நடந்து நாற்பது வருடம் இருக்கும். அவள் மறக்கவில்லை.

"முதல் உங்கட வீட்டைப் பாருங்கோ. பிழை உங்கட மனுசியின்ர பக்கமெண்டா என்ர பொடியனுக்கு ஏன் ஊசி?"

கேட்டது நியாயம். பிழை மனைவி கொடுத்த கொப்பியில் என்றால் மருமகனைப் பற்றிப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. என் கொப்பியில் என்றால், அதே தாய்தகப்பனுக்குப் பிறந்த தங்கச்சியிடமும் அது இருக்கலாம், அவளிடமிருந்து அவனுக்கும் போயிருக்கலாம்.

நானும் மனைவியும் ரத்தம் கொடுத்தோம். அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலவில்லை. வலை பொத்த இருந்தால் கிழியாத இடத்தையும் சேர்த்துப் பொத்தினேன். பெற்றோல் ஊற்ற மறந்து வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். மகள் வருகிற பஸ் ஐந்து மணிக்கு என்று தெரிந்தும் மூன்று மணி பஸ்ஸையும் போய்ப் பார்த்தேன். செபமாலை சொல்லும்போது எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று மனைவியிடம் கேட்டு ஏச்சு வாங்கினேன். ஆயர் தந்த அனுமதியை, கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறதே.

மகள் ஐந்து மணி பஸ்ஸில்தான் வந்தாள்.

"அப்பா, உங்கட பக்கம்."

இந்த வெற்றிக்காக மனைவி கல்யாணம் கட்டிய நாள் தொடக்கம் காத்திருந்தவள். ஆனால் ஒரு சொல்லாலும் குத்திக்காட்டவில்லை.

"உடுப்பை மாத்துங்கோ. மச்சாளிட்டைப் போவம்" என்றாள்.

தங்கச்சி வீட்டு முற்றத்தில் மனைவிதான் விசயத்தைச் சொன்னாள். தங்கச்சி அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போல் சிரிப்பூட்டிப் பகிடி விடாமல் நின்றதைக் கண்டுதான் அவள் பயந்தாள் என்று நினைக்கிறேன். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த மருமகன் ஈரத்தோடு வந்தான்.

"எந்தக் கையில குத்துவினம் மாமா?"

அவனுடைய முடிவு வர மேலும் ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் இரண்டு வீட்டிலும் யாரும் கல்யாணக் கதை எடுக்கவில்லை. பத்தாம் நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மச்சானிட்டை இல்லை அப்பா."

மற்றப் பக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் நின்ற இடத்திலேயே, இறங்குதுறைச் சீமெந்தில் குந்திவிட்டேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடக்கும் என்றாயிற்று. ஆனால் என் கால் ஓயவில்லை. மண்கும்பானில், அதே தாய்தகப்பனுக்குப் பிறந்த அண்ணை ஒருவர் எனக்கு இருக்கிறார். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு என் பரிசோதனைப் பேப்பரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாசல் படலையில் என்னைக் கண்டதுமே அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"என்னடா, இண்டைக்குக் கிணத்துக்குள்ள என்ன நிக்குது?"

பேப்பரை நீட்டினேன். வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பள்ளிக்கூட விசயத்தில் அவரும் என் பக்கம்தான்.

"பிள்ளையளைக் கூப்பிடுங்கோ அண்ணை," என்றேன். "அவை வாசிக்கட்டும்."