பூதங்களுக்கு உபயம்

எங்கள் ஊரில் காலண்டரை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் நகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை, மாவு மில் என்று எல்லா இடத்திலும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வாங்கியதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போன வருஷம் இதைவிடப் பெருசா இருந்துச்சே" என்று குறையும் சொல்வார்கள். இதெல்லாம் நன்றாகத் தெரிந்த மாம்பலத்துக்காரியான நான், பன்னிரண்டு பூதங்களை வரைந்து, மாதத்துக்கு ஒன்றாகக் காலண்டராக்கி, முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும்படி ஊரைக் கேட்டேன். புத்தி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மா கேட்டாள்.

அதுவரை பாண்டி பஜாருக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடி போஸ்டர், தீபாவளி விளம்பரம், கட்டைப்பையில் தோகை விரித்த மயில், எல்லாம் என் கைவேலை. அந்த மயிலைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் ரங்கநாதன் தெருவிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் படியேறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வரைந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பை கடையுடையது, மயிலும் கடையுடையது, இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. என் கையிலிருந்து வருகிற ஒன்றாவது இன்னார் வரைந்தது என்று ஊருக்குள் போக வேண்டும். அந்த ஆசை பல்வலி மாதிரி. பகலில் வேலைக்கு நடுவே அடங்கிக் கிடக்கும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கிளம்பிவிடும்.

வீட்டில் நான் வரைந்தது மயில் இல்லை, பூதங்கள். பனகல் பூங்காவில் தண்ணீர் குடிக்க இறங்கும் சிறகு முளைத்த யாளி. மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு தூங்கும் ஆயிரங்கால் பூரான். அடையாற்றின் முகத்துவாரத்தில் உடைந்து நிற்கிறதே ஒரு பாலம், அதன் இடைவெளியில் முதுகை நீட்டிப் படுத்து, ஜனங்கள் நடந்து போக வழி விடும் பாம்பு. கூவத்தில் வசிப்பதால் மூக்கைப் பொத்திக்கொண்டே நீந்தும் ஒரு மீன். ஒவ்வொன்றாக இன்ஸ்டாகிராமில் போடுவேன். இதயக்குறிகள் குவியும். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்த அம்மா மட்டும் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னாடி இது, பல்ல இளிச்சிக்கினு கீது. இத எவன் வூட்ல மாட்டுவான்?" என்பாள்.

கடை முதலாளியிடம் வேலையை விடப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "ஏம்மா, காலண்டர யாராச்சும் துட்டு குடுத்து வாங்குவாவளா? நாங்க சும்மா குடுத்தாலே நொட்டை சொல்லுதாவ" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொங்கல் சீசனுக்கு ஆள் வேணும். உன் காலண்டர் நடக்கலன்னா வந்துரு, உன் நாற்காலி அங்கனதான் கெடக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நாற்காலிதான் எனக்குப் பயம். ஒரு முறை தோற்றுத் திரும்பி அதில் உட்கார்ந்தால் ஓய்வு பெறும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தைப் பிடித்தேன். கார்த்திகை தீபத்துக்குள் சரி என்று சொன்னால் அடித்துத் தருவார்கள், அதற்குமேல் மெஷின் காலியில்லை. அச்சுக்கூலிக்குத் தேவையான முன்பதிவு அதற்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி. தீபாவளி முடிந்த கையோடு அறிவிப்பைப் போட்டேன். "என் கலைப் பயணத்துக்குத் தோள் கொடுங்கள், ஒரு சுயாதீனக் கலைஞரை ஆதரியுங்கள்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். இப்போது படித்தால் எனக்கே அடிக்கத் தோன்றுகிறது. வழக்கம்போல இதயக்குறிகள் குவிந்தன. முன்பதிவு என்று பார்த்தால் என் பள்ளித் தோழிகள் சிலர், பாவம் பார்த்து ஒரு சித்தி. "வாவ், எங்கே ஃப்ரீயா கிடைக்கும்?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். போனைத் தூக்கிக் கட்டில்மேல் எறிந்தேன். தரையில் எறிய வசதியில்லை.

அந்த நிலைமையில் அச்சகத்துக்காரர் மாதிரித் தாளைப் பார்க்க வரச் சொன்னார். முதல் முறையாக என் யாளியைப் பெரிய தாளில், மை வாசனையோடு பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. கீழே விட்டிருந்த வெள்ளைப் பட்டையை விரலால் தட்டினார்.

"இன்னா மேடம், இங்க காலியா கீது? கடை பேரு எங்க?"

"கடை இல்லண்ணே. நான்தான்."

"கடை இல்லாத காலண்டரா? யாரு குடுத்தாங்கன்னு ஜனங்களுக்கு எப்டித் தெரியும்?"

தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எரிச்சலாக வந்தது. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நல்லபடியாக முடித்துக்கொடு என்று கேட்க நின்றேன். பிள்ளையார் முகம் தெரியவில்லை. தலைக்கு மேல் இருந்த டியூப்லைட்டின் நீளத்துக்கும் சிவப்புப் பெயின்டில் "உபயம்" என்று தொடங்கி ஒரு குடும்பத்தின் பெயர்கள் எழுதியிருந்தன, பேரன் பேத்தி உட்பட. எழுத்து போக மிச்சமிருந்த சந்தில்தான் வெளிச்சம். பக்கத்து மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு உபயம். சுற்றும்போது படிக்க முடியாதே என்று அந்தக் குடும்பம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்தேன். குருக்கள் எட்டிப் பார்த்தார்.

எங்கள் ஜனங்களிடம் ஆதரவு கேட்டால் சங்கடப்படுவார்கள். உபயம் கேட்டால் சட்டைப்பையில் கைவிடுவார்கள். இது தெரியாமல் நான் சுயாதீனம், பயணம் என்று உளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழைய அறிவிப்பை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினேன்: "உடைந்த பாலத்துப் பாம்புக்கு இன்னும் உபயதாரர் இல்லை. அதன் முதுகில் நடந்து போன யாரும் இதுவரை ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. யாளிக்கும் பூரானுக்கும் கூவத்து மீனுக்கும் இதே கதிதான். காலண்டரை முன்பதிவு செய்கிறவர்கள் ஆளுக்கொரு பூதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உபயம் இன்னார் என்று அதன் காலடியில் அச்சாகும். பெரிய எழுத்து கேட்டுச் சண்டை போடக் கூடாது."

சண்டை போட்டார்கள். பூரானுக்கு முதலில் வந்தவர்கள், "உபயம்: தினமும் படியேறி முட்டி தேய்ந்த மேற்கு மாம்பலம் மகளிர்." யாளியை எடுத்துக்கொண்டவர்கள், "முகூர்த்தப் புடவை எடுத்து முடியும்வரை பனகல் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் கணவன்மார்கள்." மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி போன் செய்து, "எங்காத்துல எல்லாரும் சேர்ந்துண்டு மீனை எடுத்துக்கறோம். மூக்கைப் பொத்திண்டு இருக்கறதுகள்னா எங்களுக்குப் பரிதாபம்" என்றார். காலேஜ் பசங்கள் கூட்டாகச் சேர்ந்து வந்தார்கள். ஒரே பூதத்துக்குப் பல உபயம் ஆனதால் எழுத்தைச் சின்னதாக்கினேன், பட்டையைப் பெரிதாக்கினேன். "மேடம், பாம்புக்கு வால காணோம்" என்று அச்சகத்துக்காரர் போன் செய்தார். வால்மேல் பெயர்கள் ஏறிவிட்டன. நான் பெருமையோடு, "போனா போகட்டும்ணே" என்றேன்.

எல்லோருக்கும் டிசம்பர் பூதம்தான் வேண்டியிருந்தது. அவள் பெருவயிற்றுக்காரி. அடையாற்றங்கரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தெருக்களில் ஏறிய வெள்ளத்தை எல்லாம் உறிஞ்சிக் குடிப்பாள். "உபயம்: தரைத்தளத்தில் குடியிருப்போர்" என்று ஒருவர் எழுதினார். ஆற்றோரத்திலிருந்து கண்ணகி நகருக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் சில சேர்ந்து, பழைய தெருவின் பெயரையே உபயமாகப் போடச் சொன்னார்கள். ஒரு பெண் எழுதியிருந்தார்: "வெள்ளம் வந்த அன்றைக்கு இவள் வந்திருந்தால் என் அம்மாவின் கல்யாண ஆல்பம் மிஞ்சியிருக்கும். பெயர் வேண்டாம், மூன்றாவது குறுக்குத் தெரு என்று போடுங்கள்." அதைப் படித்துவிட்டு அழுதேன். நான் விளையாட்டாக வரைந்த ஒன்றை யாரோ தங்கள் வீட்டுக்குக் காவலாகக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

தீபத்துக்கு முன்பே அச்சகத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்குப் போன் செய்து பொங்கலுக்கு வர முடியாது என்றேன். "ஒரு பூதம் நமக்கும் இருந்தா, கீழ கடை பேரப் போட்டுக்கிடலாம்" என்றார். "மன்னிச்சுக்குங்க அண்ணாச்சி, இடமே இல்ல" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு இனித்தது என்று எனக்கே கேட்டது. அவரும் மனசு விட்டுச் சிரித்தார்.

காலண்டர் வந்ததும், பக்கத்தில் இருப்பவர்கள் ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். பெட்டிகளை மணலில் இறக்குவதற்குள் கூட்டம். சுண்டல்காரர் அரசியல் கூட்டமோ என்று கேட்டார். எவன் வூட்ல மாட்டுவான் என்று கேட்ட அம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "லைனா வாங்க நைனா, எல்லாருக்கும் பூதம் கீது" என்று கூட்டத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். வாங்கியவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தங்கள் மாதத்தைப் புரட்டிக் கீழே பெயரைத் தேடினார்கள். கிடைத்ததும் ஒரு கத்தல், ஒரு செல்ஃபி. கணவன்மார்கள் யாளியோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்போது நடுவயதுப் பெண் ஒருத்தர், ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை நிதானமாகப் புரட்டி முடித்து, பின்னட்டையையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லார் பேரும் இருக்கு. படம் போட்டது யாருங்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். முன்னட்டையில் இல்லை. பின்னட்டையில் இல்லை. பன்னிரண்டு பூதங்களின் காலடியிலும் இல்லை. இத்தனை வருஷம் கடைக்கு வரைந்த கை, பெயர் போடுகிற இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் அடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. மாதிரித் தாளை எத்தனை முறை திருத்தினேன், ஊரார் பெயரில் புள்ளி விட்டுப்போனதையெல்லாம் கண்டுபிடித்தேன், இது கண்ணில் படவில்லை. எதற்காக வேலையை விட்டேனோ அதை மட்டும் மறந்திருக்கிறேன். "நான்தாங்க" என்றேன், திருடி மாதிரி.

"அப்ப எழுதிக் குடுங்க" என்று அவர் காலண்டரை நீட்டிப் பேனாவையும் தந்தார். பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்து, "எனக்கும்" என்றார். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு தண்ணீரில் கால் நனைக்கப் போயிருந்தவர்கள்கூட விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

முட்டி போட்டு உட்கார்ந்து, பெட்டியை மேஜையாக்கி எழுத ஆரம்பித்தேன். ஓரத்தில், படத்தைக் கெடுக்காமல், பொடி எழுத்தில். இரண்டு காலண்டர்வரை அம்மா பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி எறும்பு மாதிரி எழுதிக்கினு கீற? நீதான போட்ட? பெருசா எழுது."

எழுதினேன். பெருவயிற்றுக்காரியின் தலைக்கு மேல், வானம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை என் பெயரை எழுதினேன்.