கடற்கரைக் கச்சேரியும் லயத்துக் காம்பராவும்

மகள் டிக்கெட்டைப் போனில் அனுப்பிவிட்டு, "அம்மா, சனிக்கிழமை வாங்க, ஞாயித்துக்கிழமை போயிரலாம்" என்றாள். இந்தியாவில் இருந்து பெரிய பாடகர் வருகிறார், கடற்கரையை ஒட்டின மைதானத்தில் கச்சேரி, ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டாமா என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நான் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டேன். கச்சேரி ஒரு சாக்கு. மகளைத் திரும்ப மலைக்குக் கூட்டிவர இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

விஷயம் இதுதான். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்து, சாயங்காலம் அவரவர் தாயிடம் ஒப்படைப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் இறந்து சில வருஷமாகிறது. எனக்கும் ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பெயராவது வேலையில் பதிந்திருந்தால்தான் நாங்கள் குடியிருக்கும் வரிசைவீட்டு அறை, அந்த லயத்துக் காம்பரா, நம்முடையது. இல்லையென்றால் இன்றோ நாளையோ திருப்பிக் கேட்பார்கள். அதனால் எனக்குப் பிறகு மடுவத்தைப் பார்க்க, இப்போதே என்கூட வேலையில் மகளுக்குப் பேர் பதியும்படி தொரையிடம் பேசிவைத்திருந்தேன். தோட்டத்து நிர்வாகியை நாங்கள் இன்னமும் தொரை என்றுதான் சொல்கிறோம், அவர் எங்கள் பிள்ளைகள் வயதில் இருந்தாலும். "சரி, திங்கக்கிழமை முடிவைச் சொல்லுங்க" என்று அவரும் சொல்லிவிட்டார்.

மகளோ கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அவளிடம் இதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. போனில் சொன்னால் வைத்துவிடுவாள். நேரில் என்றால் அழுதாவது சம்மதிக்கவைக்கலாம்.

ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறியதில் இருந்து நான் ஒழுங்காக உட்காரவே இல்லை. ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்தது, மூடினால் மூச்சுமுட்டியது. கினிகத்தேனையில் தேநீர் குடிக்க இறங்கி, பஸ் விட்டுப்போய்விடும் என்று கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். ஏறிப் பார்த்தால் டிரைவரும் கண்டக்டரும் அந்தக் கடையிலேயே சாவகாசமாக வடை தின்றுகொண்டிருந்தார்கள். அவிசாவளையில் வெக்கை தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் ஒதுங்கி மரியாதையாக இடம் விட்டார்.

கொழும்பில் இறங்கியதும் மகள் காலிமுகத்திடல் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இறால் வடை வாங்கித் தந்தாள். நான் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்திருந்தாள், மெலிந்திருந்தாள், தலைமுடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் வாடியிருந்தால் பேச்சை ஆரம்பிக்க வசதியாக இருந்திருக்கும்.

"என்னம்மா என்னையே பாக்குறீங்க? கடலப் பாருங்க."

"கடலு எங்க போகப்போகுது? ஒழுங்கா சாப்புடுறியா நீயி?"

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா" என்று சிரித்தாள். நான் இறால் வடையைக் கடித்துக்கொண்டேன்.

கச்சேரி மைதானத்தில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடல் பக்கம் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நான் ஸ்வெட்டரைப் போட்டு, பையைத் தோளில் மாட்டி, எழுந்தேவிட்டேன்.

"வா வா, பஸ் போயிரும்."

மகள் வாயைப் பிளந்தாள். "எந்த பஸ்ஸும்மா? இன்னைக்கு என் ரூம்லதானே தங்குறோம்? இன்னும் ஒரு பாட்டுகூடப் பாடல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குத்தான் அது தெரியும். இருட்டுகிற நேரத்தில் மஸ்கெலியாவில் இருந்து தோட்டத்துக்குக் கடைசி பஸ். கல்யாணமோ சாவோ திருவிழாவோ, அந்த நேரம் வந்தால் இலையில் சோறு இருந்தாலும் எழுந்துவிடுவோம். என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்திருந்தன. வெட்கத்தோடு உட்காரப் போகையில், நாலு வரிசை முன்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தர், பெண்டாட்டி பிள்ளைகளை எழுப்பி நிறுத்திவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்வதைக் கண்டேன். எந்தத் தோட்டமோ. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அதே லயத்தில் வளர்ந்தவள் என் மகள். பள்ளிக்கூட நாளில் வெளிச்சம் குறைந்தால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தவள். அவள் இன்று ஒரு தடவைகூட வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

பாடகர் பழைய பாட்டாகப் பாடினார். எல்லாம் ரேடியோவில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமானவை. சத்தமாக நானும் பாடினேன், மகள் என்னைப் படம் பிடித்தாள். ஆனால் ஒரு பாட்டையும் நிம்மதியாகக் கேட்கவில்லை. இது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்பேன், முடிந்ததும் கைதட்டல். அடுத்தது முடியட்டும் என்பேன். அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்துகொள்வாள். சாய்ந்திருக்கும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் ஏறுமுன் ஓர் இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். கடலுக்கு இறங்கும் ஒரு குறுகலான ஒழுங்கையில், மாடியில், சின்ன அறை. தனி அடுப்படி இருந்தது. வீட்டுக்கார அம்மா, முக்காடு போட்டவர், கதவைத் திறந்து காட்டிவிட்டு வாசலில் நின்றார்.

"யாருக்கு இது?"

"நமக்குத்தான். நீங்களும் வந்துருங்கம்மா. ரெண்டு பேரும் இருக்கலாம்."

"அப்ப காம்பரா?"

"விட்டுருவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த நயமான பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஒங்கப்பா உசுரு போன எடம் அது. விட்டுருவோமாம்ல! நான் தொரகிட்ட பேசிட்டேன். மடுவத்துல ஒனக்குப் பேர் பதியப்போறாங்க. நாளைக்குச் சொல்லணும். பேசாம கெளம்பி வா" என்று கொட்டித் தீர்த்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"படிச்சு இங்கருந்து போயிருன்னு தெனமும் சொன்னது யாரும்மா? சோறு ஊட்டயில சொன்னீங்க, தலை பின்னயில சொன்னீங்க. நான் போயிட்டேன். இப்ப வான்னு சொல்றீங்க."

சொன்னது நான்தான். அவளிடம் மட்டுமல்ல, மடுவத்தில் பேச்சு வராத பிள்ளைகளிடம்கூடத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதைத்தான் இன்றுவரை சொல்லிவருகிறேன். அவள் அழுதாள். நான் போய் அடுப்படிக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் நன்றாக வந்தது.

வீட்டுக்கார அம்மா சங்கடத்தோடு எட்டிப் பார்த்து, "அப்ப எப்ப வாறீங்க?" என்று கேட்டார்.

"இவ வருவா" என்றேன். "நான் வந்து வந்து போவேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், வேலைக்கு வந்த சனம் எல்லாம் நிற்கும்போது, தொரை என்னைப் பார்த்து, "என்ன முடிவு?" என்றார். "எம் மக வரமாட்டா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து லயத்துப் பெண் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேர் பதியச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிற பிள்ளை அது, என் மடுவத்தில் வளர்ந்தது. சந்தோஷமாக என்னிடம் ஓடிவந்து, "நாளையிலருந்து ஒங்ககூடத்தான் வேலை" என்றது.

நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மகளிடம் தினமும் சொன்னதை அதனிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.