கடல் தாண்டியும் விடாத இளைப்பு

எங்கள் மகள் மரகதத்துக்கு அப்போது ஆறு வயது. படுக்க வைத்தால் போதும், நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். முதலில் மெல்லியதாக இருக்கும். போகப் போக விலா எலும்பு உள்ளே இழுக்கும், உதடு நீலம் பாயும். எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்ப்பாள். "ஏதாச்சும் பண்ணும்மா" என்று சொல்லக்கூட அவளிடம் மூச்சு இருக்காது. கண்ணால்தான் கேட்பாள். அந்தப் பார்வை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

முருகன் பிள்ளைகளாக இங்கே கூடியிருக்கும் உங்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு அழகாகப் பேச வராது. சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில் எங்கள் வரிசையில் எல்லாமே ஒரே மாதிரி வீடு. முன் அறையில் பனியன் துணி பின்னுகிற மெஷின், பின் அறையில் குடும்பம். என் வீட்டுக்காரர் மெஷினும் ஓட்டுவார், பழுதும் பார்ப்பார். மெஷின் சுற்ற ஆரம்பித்தால் நூலிலிருந்து பஞ்சுத் துகள் பறக்கும். சாதத்தில் விழும், புருவத்தில் ஒட்டும், சாமி படத்தின் மேல் படியும். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. சோறு போடுகிற பஞ்சு அல்லவா? மெஷினுக்கு அடியில் சேர்வதைக் கூட்டி அள்ளி மெத்தையும் தலையணையும் தைத்துக்கொள்வோம். காசு கொடுத்துப் பஞ்சு வாங்கினால் எங்கள் வரிசையில் கேலி செய்வார்கள்.

மரகதத்தின் இளைப்புக்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. வேப்பிலை அடித்தோம், தாயத்துக் கட்டினோம், கசப்பும் காரமுமாக என்னென்னவோ கரைத்துப் புகட்டினோம். ஆடி மாதக் காற்றில் ஒரு மதியம் அவள் கண் மேலே செருகிவிட்டது. வண்டி பிடித்துக் கோயம்புத்தூருக்கு ஓடினோம். அங்கே ஒரு டாக்டர் ஊசி போட்டு மூச்சைத் திருப்பிக்கொண்டு வந்தார். பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ப் பஞ்சுக் காத்து இந்தக் குழந்தைக்கு ஆகாது. கடலோரமா எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடுங்க. இல்லேன்னா..." என்றார். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார்.

கடலோரத்தில் எங்களுக்கு யாரைத் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் பினாங்கில் இருந்தார். வீட்டுக்காரருக்கு மாமன் மகன். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். நம்பிக்கையான ஆள் வேண்டும், குடும்பத்தோடு வா என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொந்தத்தில் ஒரே கூச்சல். என் கொழுந்தனார் வாசலில் நின்றே கேட்டார்.

"ஏனுங்கண்ணி, ஒரு பொட்டப்புள்ளைக்காவ கடல் தாண்டறீங்களாக்கும்?"

எனக்கு வந்ததே கோபம்! "உங்க ஊட்டு எருமைக்குச் சீக்குன்னா வெள்ளகோவில் வரைக்கும் ஓடறீங்களே, எம்புள்ளைக்கு நா ஓடக்கூடாதுங்களா?" என்று கேட்டேன். அதன்பின் அந்த மனிதர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்று இருந்துவிட்டேன்.

ஆனாலும் பூக் கேட்காமல் கிளம்ப முடியுமா? எங்கள் பக்கத்தில் பெண் கட்டுவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் முருகனிடம் பூக் கேட்ட பிறகுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எங்கள் மலைக்கோவிலுக்குப் போனோம். மரகதத்தையே எடுக்கச் சொன்னார் பூசாரி.

சிவப்பு வந்தது.

பூசாரி பொட்டலத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "வேண்டாம்னுட்டாருங்க ஆண்டவரு. ஒரு காரியத்துக்கு ரெண்டு தடவ கேக்கக்கூடாதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் குடும்பத்தில் பூவாக்கை மீறினவர்கள் யாருமே இல்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்புள்ள, இங்கிருந்தா டாக்டர் சொன்னது நடக்கும். போனா சாமி சொன்னது நடக்கும். நா என்ன பண்ணட்டும்?"

"போலாங்க. என்ன வந்தாலும் எந்தலையோட போவட்டும்" என்றேன். சொன்ன வாய்தான் சொன்னது, கை அந்தப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டது.

ஆவணி கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். பித்தளைப் பாத்திரங்கள் நசுங்காமல் இருக்க அவற்றை மெத்தைக்குள் வைத்துச் சுருட்டி, சாக்கில் திணித்துத் தைத்திருந்தார் வீட்டுக்காரர். அந்த மூட்டை கப்பலின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தோம். எனக்கு ஒரே வாந்தி. மரகதமோ அந்தக் கம்பிக்கும் இந்தக் கம்பிக்கும் ஓடி விளையாடினாள். நெஞ்சில் சத்தமே இல்லை! கடல் காற்றுதான் என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சிவப்புப் பொட்டலம் என் முந்தானை முடிச்சில் இருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

பினாங்கில் சில நாள் மாமன் மகன் வீட்டில் தங்கினோம். அப்போதும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிறகு கடைக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். சிமெண்டுத் தரை, பெரிய ஜன்னல், திறந்தால் கடல் காற்று. ஊரிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்துக் குடித்தனத்தைத் தொடங்கினோம். மறுநாள் மதியம் தூங்கின பிள்ளையின் நெஞ்சில் அந்த விசில் கேட்டது.

கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் பின்னாலேயே கப்பலில் ஏறி வந்த மாதிரி வந்துவிட்டது பாருங்கள்! இங்கே பஞ்சும் இல்லை, மெஷினும் இல்லை. அப்படியானால் இது நோய் இல்லை, சாமி குற்றம்தான் என்று முடிவு கட்டினேன். வேண்டாம் என்றவன் பேச்சை மீறினோம், விடுவானா? ஐப்பசி மழையில் நோய் இன்னும் முற்றியது. குழந்தை ஒரு வாய்ச் சோறு சாப்பிட இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். ஒருநாள் கேட்டாள், "அம்மா, நா செத்துப்போனா இங்கியே உட்டுட்டு ஊருக்குப் போயிருவீங்களா?" அவளை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

பக்கத்து வீட்டில் மீனாட்சி அக்கா என்று ஒருவர் இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பூக் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அக்கா அதட்டினார்.

"அடி போடி இவளே! பெத்த பிள்ளையக் கொல்றதுக்கா சாமி இருக்கு? இங்கயும் மலை மேலதான் முருகன் இருக்கான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு நேந்துக்க. தாயும் பிள்ளையுமா விரதம் இருங்க. ஆனா ஒண்ணு, விரதம்னா மெத்தை தலகாணி ஆகாது. வெறுந்தரை. துணி ஒண்ணு விரிச்சுக்கலாம்."

எனக்குப் பகீரென்றது. இளைப்புக்காரப் பிள்ளையை மார்கழி மாதத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் போடுவதா? தரைச் சில்லிப்பு நெஞ்சில் ஏறினால் போச்சு என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். வீட்டுக்காரர் கூடாதென்று கத்தினார். நானும் ஒரு வாரம் தவித்தேன். கடைசியில் விளக்கேற்றி அவன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். "ஒரு தடவ உம்பேச்சை மீறீட்டேன் சாமி. இந்தத் தடவ மீற மாட்டேன். நீ கொன்னாலும் சரி, காப்பாத்துனாலும் சரி" என்று சொல்லி மாலை போட்டுக்கொண்டேன். தலையணையை உள்ளே வைத்துச் சுருட்டின மெத்தையை மாமன் மகன் கடைப் பரணில் ஏற்றினோம். வேட்டி ஒன்றை விரித்துப் பிள்ளையை என் பக்கத்தில் படுக்க வைத்தேன். அவள் நெஞ்சின் மேல் கை வைத்தபடியே கண் அசந்துவிட்டேன்.

சேவல் கூவும்போது விழிப்பு வந்தது. சத்தமே இல்லை. விசில் இல்லை, இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. தரை ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான், பிள்ளை போய்விட்டாள் என்று நினைத்தேன். "மரகதம்!" என்று அலறி அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"தூங்க உடும்மா" என்று சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காதை அவள் முதுகில் வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரும் குனிந்து காது வைத்துக் கேட்டார். சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

விரதம் முழுக்கப் பிள்ளைக்கு இளைப்பு எட்டிப் பார்க்கவில்லை. பூசத்தன்று எனக்கு முன்னால் படி ஏறினாள். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மாலையைக் கழற்றின மறுநாள் பரணிலிருந்து மெத்தையை இறக்கி வாசல் வெயிலில் உதறினேன். பக்கத்தில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த மரகதம் இருமினாள். நான் உதற உதற அவளுக்கு இழுத்தது. பட்டப்பகலில், கடல் காற்றில், என் கண் முன்னாலேயே உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

மெத்தையை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கியது. திரும்பி வந்து அரிவாள்மணையில் மெத்தையைக் கிழித்தேன். சாம்பல் நிறத்தில், கையில் எடுத்தால் புகை மாதிரி பறக்கிற பொடி. எங்கள் மெஷினுக்கு அடியில் கூட்டின பஞ்சு. எந்தக் காற்றுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தோமோ, அதைப் பிள்ளையின் தலைக்கு அடியிலேயே வைத்திருந்தோம். ஊசி போட்ட டாக்டருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்கு அது பஞ்சாகவே படவில்லை, மெத்தையாகத்தான் பட்டது. அதைப் பிள்ளையிடமிருந்து பிரித்து எடுக்க முருகன் எனக்கு ஒரு விரதம் வைத்தான். அன்று சாயங்காலமே மெத்தையையும் தலையணையையும் கடற்கரையில் போட்டுக் கொளுத்தினோம். அதற்குப் பிறகு அந்த விசிலை நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஏன் சிவப்பு வந்தது என்று கேட்பீர்கள். "மெத்தையோட போவாதேன்னு சொல்லியிருக்காரு, நமக்குத்தான் புரியல" என்பார் வீட்டுக்காரர். எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது. அவன் பேச்சை மீறி வந்தவளையும் அவன் தள்ளிவிடவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

ஊர்க்காற்று அவளுக்கு ஆகாது என்பதும் பொய்யில்லை. அதனால் நாங்கள் திரும்பிப் போகவில்லை. என் அப்பா போனபோது முகம் பார்க்க முடியவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது வருஷம் தவறாமல் தை மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெறுந்தரைதான். புதிதாகப் பிள்ளையோடு கப்பல் இறங்கி யாராவது பயந்துபோய் நின்றால் நானே தேடிப் போய்ப் பேசுகிறேன். முன்பெல்லாம் யாரிடமும் போய்ப் பேசுகிற ஆள் இல்லை நான்.

உங்களில் யாராவது இன்று நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, முருகன் கதவெல்லாம் சாத்திவிட்டான் என்று உட்கார்ந்திருக்கலாம். கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் காட்டுகிற வழி பயமாக இருந்தாலும் ஒரு அடி வைத்துப் பாருங்கள்.

இந்தப் பூசத்துக்கு மரகதம் தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள். பாதிப் படியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது, நின்றுவிட்டேன். அவள் மேலே நின்று திரும்பிப் பார்த்தாள். "மெதுவா வாங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எனக்குக் கை கொடுக்க இறங்கி வந்தாள்.