மரக்காணம் கல்லறையில் ஈஸ்டர் விடியல்

என் கணவர் ஜெயராஜ் இறந்த பிறகு வந்த முதல் ஈஸ்டர் இது. அவரைச் சொந்த ஊரான மரக்காணத்தில்தான் அடக்கம் செய்தோம். உயிர்த்தெழுதலைப் பற்றிச் சென்னைக் கோயிலில் எல்லோரோடும் பாடத் தெம்பில்லாமல் சனிக்கிழமை மதியமே கிளம்பிவிட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் புதுச்சேரி பஸ்ஸில் ஏற வேண்டும். மரக்காணம் நூற்றுப்பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். (இடது பக்க ஜன்னல் சீட் பிடியுங்கள், ஆங்காங்கே கடல் தெரியும்.) இரவு லாட்ஜில் தங்கி, விடியுமுன் ஆட்டோ பிடித்தேன்.

"கல்லறைக்குங்களா? இன்னிக்கு உங்காளுங்க எல்லாம் அங்கதான் போறாங்க. நூறு ரூபா குடுங்க, போதும்" என்றார் டிரைவர்.

உப்பளத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம். மெழுகுவத்திகளைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார் போதகர். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்றது கூட்டம். என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு குரல் மட்டும் உரக்கக் கேட்டது. திரும்பினால் ஸ்டெல்லா, ஜெயராஜின் தங்கை.

உப்பளத்தில் உடன் வேலை செய்த இந்துப் பையனைக் கட்டிக்கொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லை. அந்தக் கோபத்தில், அவர் சாகக் கிடந்தபோது இவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

"ஏன் அண்ணி பதில் சொல்லலை?"

"நம்பணும்னு ஆசைதான் ஸ்டெல்லா. முடியலை."

"நான் நம்புறேன். அதான் பயமா இருக்குது. அண்ணன் எழுந்து வந்துச்சுன்னா, ஏன் என்னைப் பாக்க வரலைன்னுதானே மொதல்ல கேக்கும்?" பிறகு, "கடைசியில என்னைக் கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர் கல்லறையின் தலைமாட்டில் நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"கேக்கலம்மா."

ஸ்டெல்லா உப்புப் பாத்திகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. எழுந்து வர்ற அன்னிக்கு நானே கேட்டுக்கறேன், ஏன் கேக்கலைன்னு" என்றாள்.

அவர் உயிரோடு இருக்கும்போதே இருவரும் பேசித் தீர்த்திருக்கலாம். திரும்பும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது.

ஈஸ்டருக்குப் போகிறவர்கள் முதல் நாளே ஆட்டோ சொல்லி வையுங்கள். உப்பளத்து வரப்பில் செருப்பு வழுக்கும். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், அதற்குள் கிளம்பிவிடுங்கள்.

அவர் எழுந்து வருவாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஸ்டெல்லா அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நானும் பக்கத்தில் நிற்க வேண்டும்.